ஈயம் உருக்கும் சந்து

அந்தச் சந்தில் நூற்றுப் பதினெட்டு வீடுகள். அத்தனை வீட்டுக் கூரைகளிலும் ஏறி இறங்கியவன் அவன் ஒருவன்தான். எந்தத் தகரம் கால் வைத்தால் அமுங்கும், எந்த வீட்டு ஏணிக்கு மூன்றாவது படி கிடையாது, எந்த நாய் சும்மா குரைக்கும், எது சத்தம் போடாமல் பின்னால் வந்து கவ்வும் என்பதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். மின்கம்பம் எட்டிப் பார்க்காத அந்தச் சந்துக்கு ஆறு வருடத்துக்கு முன்னால் சூரிய விளக்குத் திட்டம் வந்தபோது, பேனல் மாட்டும் ஒப்பந்தக்காரரிடம் அவன் மெக்கானிக்காக இருந்தான். முதல் விளக்கு எரிந்த நாளிலிருந்து சந்துக்காரர்கள் அவனை லைட்டுக்காரர் என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி.

முதல் விளக்கு எரிந்தது அவனுடைய அக்கா வீட்டில். அக்காவுக்கும் அவனுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அம்மா போன பிறகு அவனுக்குத் தலை வாரிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் அவள்தான். அதனால் பட்டியலில் எழுபத்து நாலாவதாக இருந்த வீட்டை அவன் கமுக்கமாக ஒன்றாவதாக மாற்றிக்கொண்டான். அவன் வாழ்க்கையில் செய்த ஒரே ஊழல் அது. சுவிட்சைப் போட்டதும் அக்கா விளக்கைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். இவ்வளவு அழுக்கு வீட்டிலா இத்தனை நாள் குடியிருந்தோம் என்று முகம் சுளித்து, அந்தக் கையோடு துணியை நனைத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். தோளில் மூன்று மாதக் குழந்தை. திட்டத்துக்காரர்கள் அதைப் போட்டோ எடுத்து, திட்டக் கையேட்டுப் புத்தகத்தின் அட்டையில் போட்டார்கள். கையில் ஈரத் துணியோடு நிற்கும் தாயை வெட்டிவிட்டு, குழந்தையையும் விளக்கையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஆயுள் முடிந்த பேட்டரியைத் தயாரிப்பாளரிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும். பயிற்சியின்போது பேட்டரியை மாட்டுவது எப்படி என்று இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தார்கள். கழற்றியதை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. ஆனாலும் கடமைக்கு அந்த வரியை நூற்றுப் பதினெட்டு வீட்டிலும் வாய்விட்டுப் படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினான்.

மூன்றாவது வருடம் பேட்டரிகள் ஒவ்வொன்றாக மூச்சை விட்டன. எட்டு மணி நேரம் எரிந்த விளக்கு நாலு மணி, இரண்டு மணி என்று குறைந்து, கடைசியில் மின்மினி மாதிரி கண் சிமிட்டிவிட்டு அடங்கியது. சந்துக்காரர்கள் அவனிடம் வந்தார்கள். அவன் ஒப்பந்தக்காரரிடம் போனான். ஒப்பந்தக்காரர் அதற்குள் வேறு ஊரில் பாலம் கட்டிக்கொண்டிருந்தார். பேட்டரிக் கம்பெனி முகவரியைத் தேடிப் பிடித்து ஒரு நாள் பஸ் ஏறிப் போனால், அந்தக் கட்டடத்தில் மெத்தை விற்றுக்கொண்டிருந்தார்கள். பழைய ஆட்கள் எங்கே போனார்கள் என்று கேட்டதற்கு, வேண்டுமானால் ஒரு மெத்தை தருகிறோம் என்றார்கள். திட்ட அலுவலகத்திலோ, திட்டம் வெற்றிகரமாக முடிந்துவிட்டது, முடிந்ததற்கு எப்படிப் பராமரிப்பு பார்ப்பது என்று அவனையே திருப்பிக் கேட்டார்கள்.

செத்த பேட்டரிகள் வீடுகளில் கிடந்தன. சிலர் மேலே பலகையைப் போட்டு உட்கார்ந்தார்கள். சிலர் காற்றில் தகரம் பறக்காமல் இருக்கக் கூரையில் ஏற்றி வைத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் அக்கா புருஷன் ஓட்டிக்கொண்டிருந்த லோடு வேன் என்ஜின் வெடித்து, முதலாளி அதை அப்படியே இரும்புக் கடைக்குத் தள்ளிவிட்டார். வேனோடு மாமாவும் இரும்புக் கடைக்குப் போனார். வேன் திரும்பவில்லை. மாமா ஒரு தொழிலோடு திரும்பினார். பழைய பேட்டரியின் ஈயத்துக்கு நல்ல கிராக்கி என்று அங்கே தெரிந்துகொண்டிருந்தார். ஒரு கோடாலி, ஒரு இரும்புச் சட்டி, ஒரு அடுப்பு. படிப்பு அவ்வளவுதான். உடைத்து, ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டி, உள்ளே இருக்கும் தகடுகளைச் சட்டியில் போட்டு உருக்கி, கட்டி கட்டியாக ஊற்றி எடுக்க வேண்டும்.

“நீ மாட்டற மாப்ள, நான் உடைக்கிறேன். வெளி ஆளுக்கு இடமே இல்ல பாரு, முழுக்கக் குடும்பத் தொழில்” என்றார் மாமா.

அவனும் சிரித்தான். பின்னாளில் அந்தச் சிரிப்பு நினைவுக்கு வரும்போதெல்லாம் அவனுக்கு உடம்பு கூசியது.

ஒரு வருடத்துக்குள் சந்தில் பதினொரு ஷெட்டுகள் முளைத்தன. உள்ளூர் பேட்டரி தீர்ந்தபின் வெளியூர்களிலிருந்து வந்து இறங்கின. கூடவே செத்த இன்வெர்ட்டர், கம்ப்யூட்டர், செல்போன் கோபுரத்துப் பெட்டிகள், வயர் மூட்டைகள். சந்து செழித்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அக்கா வீட்டுக்கு ஜன்னல் வந்தது. எதிர்வீட்டுத் தையல்காரி கையால் சுற்றும் மெஷினை விற்றுவிட்டுக் காலால் மிதிப்பது வாங்கினாள். நாள் முழுக்க நாக்கில் ஒரு இனிப்பு ருசி ஒட்டிக்கொண்டே இருக்கும். தொட்டால் விரலில் பென்சில் தூள் மாதிரி ஒரு சாம்பல் படியும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அட்டைப் படத்துக் குழந்தைக்கு மாமா வைத்த பட்டப்பெயர் ரேடியோ. ஒன்றரை வயதில் பேச ஆரம்பித்தவள் தூங்கும்போதுதான் நிறுத்தினாள். தெருவில் போகிறவர்களை நிறுத்தி எங்கே போகிறீர்கள், ஏன் போகிறீர்கள், போகாவிட்டால் என்ன ஆகும் என்று விசாரிப்பாள். லைட்டுக்காரன் கூரையில் வேலை செய்தால் கீழே நின்று ஒவ்வொரு ஸ்பேனருக்கும் பெயர் கேட்பாள். ஒருமுறை சொன்னால் போதும், அடுத்த முறை அவன் தப்பாக எடுத்தால் அவள் திருத்துவாள்.

ஐந்து வயதில் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. பூச்சி மருந்து கொடுத்தார்கள். வெளிறிப் போனாள். சத்து டானிக் கொடுத்தார்கள். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தாள். கண்ணேறு பட்டிருக்கும் என்று அக்கா சொன்னாள். பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர், பிள்ளை பாடத்தைக் கவனிப்பதில்லை என்று சீட்டு எழுதி அனுப்பினார். ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டபோது ரேடியோ மூலையில் இருந்த குடையை லைட்டுக்காரனுக்குக் காட்டி, “மாமா, அதை எடு. அது… மழைக்குப் பிடிக்கறது” என்றாள். அவளுக்குக் குடை என்ற சொல் வரவில்லை. அவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். அடுத்த வாரம் ஏணியைக் காட்டி, ஏறுவது என்றாள். ஏணியைப் பிடித்துக்கொண்டு அவள் சொல்லைத் தேடி யோசித்தபோது அவன் சிரிக்கவில்லை. மறுநாளே வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அக்காவையும் பிள்ளையையும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

டாக்டர் இளவயதுக்காரர், தூக்கம் கெட்ட கண்கள். பிள்ளையின் ஈறைப் பார்த்தார், கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். அப்புறம் பிள்ளையை விட்டுவிட்டு, அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார். பேட்டரி வேலை என்றாள் அக்கா. எங்கே என்றார். வீட்டை ஒட்டித்தான், பின்பக்கம், ரொம்ப வசதி என்று அக்கா சொன்னாள். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

ரத்தம் தலைநகரத்துக்குப் போய் முடிவு வரப் பதினொரு நாள் ஆனது. ஐந்தைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டிய கணக்கில் ரேடியோவுக்கு அறுபத்திரண்டு இருந்தது.

“ஈயம் ரத்தத்துல இருக்கு. மருந்து குடுத்து இழுத்துடலாம். மூளைக்கு இதுவரைக்கும் என்ன பண்ணுச்சோ, அதை மருந்து திருப்பித் தராது” என்றார் டாக்டர். “இன்னொண்ணு, அந்த வீட்டுக்குப் பிள்ளை திரும்பிப் போகக் கூடாது. மண்ணு, சுவரு, பாயி, அப்பாவோட சட்டை, எல்லாத்துலயும் அது இருக்கும்.”

அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தாள். சின்ன வயதில் அவன் எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்கும்போது, சரிசெய்துவிடலாம் என்று சொல்வதற்கு முன் பார்ப்பாளே, அதே பார்வை. இந்த முறை சொல்வது அவன் முறை என்று அவள் காத்திருந்தாள்.

டாக்டர் நல்ல மனிதர். தானே சந்துக்கு வந்து மற்றப் பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுத்தார். லைட்டுக்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தாய்மார்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து கையை நீட்டினார்கள். நாற்பத்து நாலு பேரில் நாற்பத்தொரு பேருக்கு அளவுக்கு மேல் இருந்தது. டாக்டர் மேலே அறிக்கை அனுப்பினார். அறிக்கை கிடைத்தது என்று ஒரு கடிதம் வந்தது.

மாமாவுக்கு விஷயம் தெரிந்ததும் எட்டு நாள் கோடாலியைத் தொடவில்லை. வேன் ஓட்டக் கேட்டு ஊரெல்லாம் அலைந்தார். எங்கேயும் ஆள் வேண்டியிருக்கவில்லை. ஒன்பதாம் நாள், வீட்டுப் பின்பக்கத்து அடுப்பை இடித்துவிட்டு, சந்தின் கடைசியில் இருக்கும் ஒரு ஷெட்டுக்கு வேலையை மாற்றிக்கொண்டார். அவருக்குத் தெரிந்த அளவில் அது பெரிய காரியம். வீட்டு வாசலில் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். பின்பக்கத்து மண்ணில் ரேடியோ வளர்த்த பூச்செடி மட்டும் அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்காமல் வீட்டிலேயே இருந்த அவள், அதற்கு வெறுங்கையால் குழி பறித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

லைட்டுக்காரன் சுற்றுச்சூழல் அலுவலகத்துக்குப் போனான். நூற்றுப் பதினெட்டு பேட்டரியின் வரிசை எண்களையும் எழுதிய பழைய நோட்டு கையில் இருந்தது. அங்கே இருந்த இன்ஜினியர் அம்மா அவனை நிற்க வைத்துப் பேசவில்லை, உட்காரச் சொன்னார். மூன்று மாவட்டத்துக்கும் அவர் ஒருவர்தான். மேஜையில் கோப்புகளுக்கு நடுவே சாப்பிடாத மதியச் சாப்பாட்டு டப்பா இருந்தது. நோட்டைக் கடைசிவரை புரட்டினார். சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது என்றார். பேட்டரியைச் செய்தவனே திரும்ப எடுக்க வேண்டும். செய்தவன் இல்லாமல் போனால் என்ன செய்வது என்று சட்டத்தில் இல்லை. முறையாக உருக்கும் ஆலை ஒன்று கடற்கரைப் பக்கம் இருக்கிறது, லாரியில் இரண்டு நாள் பயணம். ஆனால் அவர்கள் தயாரிப்பாளரின் கடிதம் இல்லாமல் ஒரு பேட்டரியைக்கூட உள்ளே விட மாட்டார்கள்.

“நீங்க மனு எழுதிக் குடுத்தா நான் நடவடிக்கை எடுத்தே ஆகணும்” என்றார். “ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. என் கையில இருக்கறது ஒரு பூட்டும் அரக்கும்தான்.”

“அந்த மண்ணை எடுப்பீங்களா?”

“அது என் துறை இல்ல.”

“பிள்ளைங்களுக்கு மருந்து?”

“அது சுகாதாரத் துறை.”

“வேலை போற ஆளுங்களுக்கு?”

அவர் பாட்டிலிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றி அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அவன் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தான். ஏணியைப் பிடித்துக்கொண்டு யோசித்த பிள்ளை கண்ணுக்குள் நின்றது. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு ஏதாவது செய்வது மேல் என்று தோன்றியது. உள்ளே போய் மனு எழுதி, அடையாள அட்டையில் இருந்த பெயரைக் கையெழுத்தாகப் போட்டான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு ஜீப்புகள் வந்தன. பதினொரு ஷெட்டுகளையும் பூட்டி அரக்கு வைத்தார்கள். சட்டிகளை ஏற்றிக்கொண்டார்கள். யார் மனு கொடுத்தது என்று கூட்டம் கேட்டது. ஒளிவுமறைவில்லாத நிர்வாகம் அல்லவா, ஒரு குமாஸ்தா கோப்பைப் பிரித்துப் பெயரை உரக்கப் படித்தான். அந்தப் பெயரில் சந்தில் யாரையும் யாருக்கும் தெரியவில்லை. வெளியூர்க்காரன் எவனோ பொறாமையில் போட்டுக் கொடுத்திருக்கிறான் என்று முடிவு கட்டினார்கள்.

லைட்டுக்காரனின் வீடு ஊரின் மறுபக்கம். மறுநாள் மத்தியானம் அக்கா அங்கே வந்தாள். ஒரே அறை. அவன் மனைவி துணி தேய்த்துக் கொடுப்பவள், தேய்க்கிற மேஜையே பாதி அறையை அடைத்துக்கொண்டிருந்தது. நாத்தனார் முகத்தைப் பார்த்ததும் அவள் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

“பேரைப் படிச்சாங்க. நான் அப்பத் தண்ணி பிடிச்சிட்டு இருந்தேன்” என்றாள் அக்கா. “யாரு யாருன்னு எல்லாரும் கேட்டாங்க. எனக்குத் தெரியாதுன்னுட்டேன்.”

“பிள்ளைக்காகத்தான்கா.”

“தெரியும். அதனாலதான் தெரியாதுன்னு சொன்னேன்.”

அவள் மடித்து வைத்திருந்த துணிகளில் மேலே கலைந்திருந்த ஒன்றைச் சரிசெய்துவிட்டு எழுந்து போனாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

ரேடியோ அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள். பத்தொன்பது நாள் மருந்தில் அறுபத்திரண்டு முப்பத்து நாலுக்கு இறங்கியது. வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். ஆனால் படுக்கைக்காக வெளியே இன்னும் பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஷெட்டுகள்தான் மூடியாகிவிட்டதே, இனி பயமில்லை என்று மாமா வந்து தோளில் தூக்கிக்கொண்டு போனார். லைட்டுக்காரனும் அதை நம்பினான். நம்புவதற்கு வசதியாக இருந்தது.

ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தபோது எழுபத்தொன்று. மற்றப் பிள்ளைகளுக்கும் ஏறியிருந்தது. எப்படி என்று டாக்டருக்குப் பிடிபடவில்லை. லைட்டுக்காரன் அன்றைக்கே சந்துக்குப் போனான்.

நல்ல வெயில். சந்து துடைத்து வைத்தது போல இருந்தது. புகை இல்லை, கோடாலிச் சத்தம் இல்லை. அரக்கு வைத்த பூட்டுகள் அப்படியே தொங்கின. ஆனால் அந்த வெயிலில் ஒரு வீட்டுக் கதவும் திறந்திருக்கவில்லை. அக்கா வீட்டு ஜன்னலில் சாக்கை அடித்திருந்தார்கள். கதவைத் தட்டியதும் உள்ளே ஏதோ அவசரமாக இழுபடும் சத்தம் கேட்டது. அவன் குரலைக் கேட்ட பிறகுதான் கதவு ஒரு சாண் திறந்தது. அக்கா மூக்கையும் வாயையும் துணியால் கட்டியிருந்தாள்.

உள்ளே இருட்டில் கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. சமைக்கிற அடுப்பில் சட்டி இருந்தது. அதில் ஈயம் பால் ஆடை மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது. குளிக்கிற இடத்தில் நாலு பேட்டரிகள் பிளந்து கிடந்தன, ஆசிட் சிமெண்ட் தரையை அரித்து நுரைத்திருந்தது. ரேடியோ சுவர் ஓரம் பாயில் படுத்திருந்தாள். மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வரவேற்கப் பார்த்தார். அப்போதுதான் அவர் கைகளை அவன் பார்த்தான். இரண்டும் மணிக்கட்டோடு மடங்கி, பிழிந்து போட்ட துணி மாதிரித் தொங்கின. விரல்களை மேலே தூக்க அவரால் முடியவில்லை.

“மூணு வாரமா இப்படி இருக்கு. பிடிச்சா பிடி நிக்கல” என்றார் மாமா. அவன் பார்வை கோடாலிப் பக்கம் போனதைக் கவனித்து, “இப்ப உங்கக்காதான் உடைக்கறா. என்னைவிட நேக்கா உடைக்கறா” என்று சிரிக்கப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, குறை சொல்லும் தொனியே இல்லாமல் சொன்னார்: “முன்னாடி புகை வெளிய போச்சு மாப்ள. இப்ப வெளிய விட்டா ஜீப் வருது.”

அவனுக்கு நூற்றுப் பதினெட்டு வீட்டிலும் இதுதான் நடக்கிறது என்று சொல்லாமலே புரிந்தது. கையெழுத்துப் போட்ட விரல்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பாயில் கிடந்த பிள்ளையை அப்படியே அள்ளித் தோளில் போட்டுக்கொண்டான். அக்கா தடுக்கவில்லை. மாற்றுத் துணி எடுக்கப் போனவள், பாதியில் நின்று, “வேணாம், இங்க இருக்கற துணி எதுவும் வேணாம்” என்று வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

இன்ஜினியர் அம்மாவிடம் மறுபடியும் போய்ச் சொன்னான். அவர், தான் அனுப்பிய அறிக்கையில் சந்தில் புகை அறவே நின்றுவிட்டது என்று எழுதியிருப்பதாகவும், அது பொய் இல்லை என்றும் சொன்னார். வீடுகளுக்குள் நுழைய நீதிமன்ற உத்தரவு வேண்டும்.

“வாங்கித் தர்றேன்னே வச்சுக்குங்க. வீடு வீடா ஏறி அடுப்பைப் பூட்டிட்டு வரச் சொல்றீங்களா?”

இரண்டு மாதத்தில் அவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். அந்த நாற்காலிக்கு இன்னும் ஆள் வரவில்லை.

ரேடியோ அவன் வீட்டில், தேய்க்கிற மேஜைக்கு அடியில் பாய் போட்டுப் படுத்தாள். இளஞ்சூடாக இருக்கிறது என்று அந்த இடத்தை அவளே பிடித்துக்கொண்டாள். அவன் மனைவி முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டாள். இரவில் காலை நீட்டினால் யார் காலாவது யார் மேலாவது படும் அறை அது. பிள்ளைக்கு ரத்தத்தில் எண் மெல்ல மெல்ல இறங்கியது. பசி எடுத்தது, கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்தது. சொற்கள் மட்டும் வரிசையில் நின்று வந்தன. ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, நடுவில் நின்று, மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். அவனும் காத்திருப்பான். சில சமயம் வரும். டாக்டரிடம் கேட்டபோது, ஒரு வகுப்பு கீழே சேர்த்துப் பாருங்கள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வருவாள். வந்ததும் நேராகக் குளியலறைக்குப் போய்த் தலையோடு குளித்து, அவன் மனைவியின் துணியை மாற்றிக்கொண்ட பிறகுதான் மகளைத் தொடுவாள். இங்கேயே இருந்துவிடு என்று அவன் ஒவ்வொரு வாரமும் சொன்னான். அவருக்குச் சாப்பாடு யார் ஊட்டுவது என்று அவள் ஒவ்வொரு வாரமும் கேட்டாள்.

அந்த வருடக் கடைசியில் சூரிய விளக்குத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் அறிவித்தார்கள். முதல் கட்டம் முன்மாதிரியாக நடந்ததால் அதே சந்திலிருந்துதான் தொடங்குகிறார்களாம். புது ஒப்பந்தக்காரர், சந்தின் கூரைகளைத் தெரிந்த ஆள் என்று சொல்லி அவனைத்தான் தேடி வந்தார். இந்த முறை பேட்டரி வேறு ரகம், இதில் ஈயமே கிடையாது, பத்து வருடம் உழைக்கும் என்றார். பத்து வருடம் கழித்து யார் எடுப்பார்கள் என்று அவன் கேட்டான். ஒப்பந்தக்காரர் புத்தகத்தைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். அதே வரி. எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு ஆசைதான். சொன்னால் வேறொருவன் ஏறப் போகிறான், அவன் எந்தத் தகரத்தில் கால் வைத்து விழுவானோ. வீட்டில் வாய்கள் மூன்று. ஒத்துக்கொண்டான்.

சந்தில் அவனுக்கு வரவேற்பு பலமாக இருந்தது. லைட்டுக்காரர் வந்துவிட்டார் என்று கதவுகள் திறந்தன. தையல்காரி ஏணியைப் பிடித்துக்கொண்டாள், இறங்கியதும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். அவளுடைய மெஷினுக்குப் பக்கத்தில் பிளந்த பேட்டரி ஓடுகள் அடுக்கியிருந்தன.

“அந்த மனு போட்டவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா, என் அடுப்புகிட்டயே அவனை உக்கார வச்சிருவேன்” என்றாள். “நீங்க ஒருத்தர்தான் எங்களுக்கு நல்லது பண்ணீங்க.”

அவன் தண்ணீரைக் குடித்து முடித்து டம்ளரைக் கழுவி வைத்தான். நான்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அக்காவை அந்தச் சந்தில் இருக்க விடுவார்களா என்ற பயத்தில் விழுங்கிக்கொண்டான். அன்றைக்கு இன்னும் ஏழு வீடு பாக்கி இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சாயங்காலம், தையல்காரி அவன் வீட்டு வாசலில் நின்றாள். முகம் கழுவி, நல்ல துணி உடுத்தியிருந்தாள். இடுப்பில் அவளுடைய மகள், மூன்று வயது, கட்டை விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். கையில் ஒரு துணிப்பை. அதில் பிள்ளையின் உடைகளை எல்லாம் புதிதாகத் தைத்து வைத்திருந்தாள். பழையது ஒன்றுகூட எடுத்து வரவில்லை என்று அவளாகவே சொன்னாள்.

உள்ளே வரச் சொன்னார்கள். வரவில்லை. வாசலில் நின்றபடியே அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். தேய்க்கிற மேஜை, அதன் அடியில் பாய், பாயில் நோட்டுப் புத்தகத்தோடு ரேடியோ, கயிற்றில் தொங்கும் துணிகள், ஓரமாக ஒரு கட்டில். பார்த்ததிலேயே அவளுக்கு விடை தெரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. இருந்தாலும் வந்த காரியத்தைக் கேட்டாள்.

“ஒரு மாசம் மட்டும். இவ ஒண்ணும் தொந்தரவு பண்ண மாட்டா. போட்ட இடத்துல கிடப்பா.”

அவன் மனைவி அவனைப் பார்த்தாள். அவன் மேஜைக்கு அடியில் இருந்த இடத்தைக் கண்ணால் அளந்தான். கட்டிலுக்கு அடியில் அளந்தான். அளந்துகொண்டிருக்கும்போதே, இவளை வைத்துக்கொண்டால் நாளைக்கு இன்னொருத்தி வருவாள், நாளை மறுநாள் மூன்று பேர், பட்டியலில் நாற்பத்தொரு பிள்ளைகள் என்று மனசு எண்ணிக்கொண்டு போனது. தன் மனசு அப்படி எண்ணுவது அவனுக்கே அசிங்கமாக இருந்தது.

“ஆஸ்பத்திரியில டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கறேன்” என்றான்.

“கேட்டுட்டுதான் வரேன்” என்றாள் அவள்.

அவள் துணிப்பையின் காதை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். சரி, இருட்டுவதற்குள் போகிறேன் என்றாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினான். பையை வாங்கிக்கொண்டான். பஸ் நிறுத்தம்வரை நடந்தார்கள். போகும் வழியில் அவள் புது விளக்கைப் பற்றிப் பேசினாள், பழையதைவிட வெளிச்சம் அதிகம், ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி தேவைப்படவில்லை என்றாள். பிள்ளை அவள் தோளில் தூங்கிவிட்டது.

பஸ் நிரம்பி வந்தது. அவன் முன்னால் ஏறி ஒருவரை எழுப்பி அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்தான். பையை மடியில் வைத்தான். நடத்துனர் விசில் கொடுத்துவிட்டார், இறங்க வேண்டியிருந்தது. அடுத்த வாரம் சந்துப் பக்கம் வருவீர்களா, விளக்கு ஒன்று லேசாக ஆடுகிறது என்று அவள் ஜன்னல் வழியாகக் கேட்டாள். வருகிறேன் என்றான். பஸ் நகர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். அப்புறம் ரேடியோவுக்கு மருந்து கொடுக்கும் நேரம் ஆகிவிட்டது என்று நினைவு வந்து, வேகமாக நடந்தான்.